‘பணிச்சுழற்சி’ வேண்டாம், ‘தாங்குவீதம்’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். வெல்டிங் இயந்திரம் எவ்வளவு நேரம் நிறுத்தாமல் உழைக்கலாம் என்று சொல்லும் ‘டியூட்டி சைக்கிள்’ என்ற அளவுக்குத் ‘தாங்குவீதம்’ என்ற சொல்லை முன்வைத்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> வெல்டிங் இயந்திரத்தில் போட்டிருக்கும் டியூட்டி சைக்கிளுக்குப் ‘பணிச்சுழற்சி’ போதாதா? ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே.

புழங்குகிறதுதான் ஐயா. ஆனால் வீட்டு வேலைக்கு இயந்திரம் வாங்கப்போகிறவர் அதைப் படித்தால் என்ன புரிந்துகொள்வார்? அண்மையில் நான் வாங்கியது வெட்டவும் பற்றவைக்கவும் சேர்ந்தே வரும் வகை. பிளாஸ்மா வெட்டு, டிக் (டங்ஸ்டன் முனையும் மந்த வாயுவும் கொண்டு பற்றவைப்பது), சாதாரண ராடு வெல்டிங் மூன்றும் ஒரே பெட்டிக்குள். முன்பக்கம் பெரிய எழுத்தில் 200 ஆம்பியர். பின்பக்கத் தகட்டில், எக்ஸ் என்ற எழுத்துக்கு நேரே, சின்னதாக 30 சதவீதம். அதற்குப் பணிச்சுழற்சி என்று பெயர் சொல்லியிருந்தால், உள்ளே ஏதோ சுழல்கிறது, இது அதன் வேகம் என்றுதான் நினைத்திருப்பேன்.

உண்மையில் அங்கே எதுவும் சுழலவில்லை. பத்து நிமிடத்தை ஓர் அளவாக வைத்துக்கொள்கிறார்கள். 200 ஆம்பியரில் 30 சதவீதம் என்றால், அந்தப் பத்தில் 3 நிமிடம் மின்வில் எரியலாம், மீதி 7 நிமிடம் இயந்திரம் ஆறவேண்டும். சூழலின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் என்று வைத்துப் போடும் கணக்கு இது.

இதை நான் கையால் தெரிந்துகொண்டேன். கனமான தகடு இரண்டை 4 மில்லிமீட்டர் ராடு போட்டு, 170 ஆம்பியரில் விடாமல் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். நாலாவது ராடு பாதி எரிந்திருக்கும், மஞ்சள் விளக்கு எரிந்தது, வில் அணைந்தது. காற்றாடி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. (அந்த நேரத்தில் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள். காற்றாடியும் நின்றுவிட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.) அப்புறம் 2.5 மில்லிமீட்டர் ராடு, 80 ஆம்பியர் என்று வைத்து ஆங்கிளில் ஒரு மேசைச் சட்டம் முழுக்கச் செய்தேன். விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.

காரணம் எளிது. சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு (அதை அதனாலேயே பெருக்கிய அளவுக்கு) ஏற்ப ஏறுகிறது. அதனால் 200 ஆம்பியரில் 30 சதவீதம் தாங்குகிற இயந்திரம் ஏறத்தாழ 141 ஆம்பியரில் 60 சதவீதம் தாங்கும், 110 ஆம்பியரில் நிறுத்தாமலே ஓடும். வீட்டுக்கு வாங்குகிறவர் பார்க்கவேண்டியது இந்தக் கடைசி எண்ணைத்தான். ராடு மாற்றுவதும், கசடைத் தட்டி எடுப்பதும், அடுத்த துண்டைப் பிடிப்பில் வைப்பதுமாகப் பாதி நேரம் எப்படியும் போய்விடும். ஆகவே வீட்டில் 30 சதவீதமே தாராளம். ஆனால் பெயர் புரிந்தால்தானே இதையெல்லாம் யோசிக்கமுடியும்?

> மின்னணுவியலில் மாறிமாறி எரிந்து அணையும் மின் துடிப்புகளுக்கும் இதே டியூட்டி சைக்கிள் என்ற சொல்தானே? இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் இருப்பது நல்லது.

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். துடிப்பில் அந்த விகிதம் நாம் வைப்பது. 20 என்று வைத்தால் 20, 80 என்று வைத்தால் 80. வெல்டிங்கில் அது இயந்திரம் நமக்குப் போடும் வரம்பு. மீறினால் நின்றுவிடும். ஆங்கிலத்தில் ஒரே பெயர் என்பதற்காகத் தமிழிலும் இரண்டையும் ஒன்றாகக் கட்டவேண்டியதில்லை. துடிப்புக்கு ‘இயங்குவிகிதம்’ போதும். இதற்குத் ‘தாங்குவீதம்’ என்கிறேன். ‘இந்த மெஷின் எவ்வளவு நேரம் தாங்கும்?’ என்பதுதானே பட்டறையில் கேட்கும் கேள்வி.

‘ஆறுவீதம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ‘கொஞ்சம் ஆறட்டும்’ என்று வெல்டர்கள் சொல்வதிலிருந்து எடுத்தது, அழகாகவே இருக்கிறது. இரண்டு நாள் அதையே சொல்லிப்பார்த்தேன். ஆனால் தகட்டில் உள்ள எண் உழைக்கும் பங்கைச் சொல்கிறது, ஆறும் பங்கை இல்லை. போதாததற்கு, ‘ஆறு’ என்றதும் காதில் எண்தான் விழுகிறது. டியூட்டியை அப்படியே பெயர்த்த ‘கடமைச்சுழற்சி’ பற்றி எதுவும் சொல்லவேண்டாம் என்று நினைக்கிறேன்.

தாங்குதிறனோடு குழம்பாதா என்று கேட்டவருக்கு: திறன் சுமையைப் பற்றியது. வீதம் என்றதும் ‘எதில் எத்தனை?’ என்று மனம் தானே கேட்கும், அந்த வேறுபாடு போதும். மேலும் இதிலிருந்து சொற்கள் கிளைக்கின்றன. நிறுத்தாமல் ஓடும் அளவை ‘முழுத்தாங்கு மின்னோட்டம்’ எனலாம்.

கைத்தொழிலில் பிறந்த சொல்லுக்கு ஆயுள் அதிகம். பொற்கொல்லரின் பற்றாசைப் பாருங்கள். நகைத் துண்டுகளை இணைக்க இடையே இடும் அந்த ஆசுதான் யாப்பிலும் ஏறி, இடையே அசை சேர்த்து இணைக்கும் வெண்பாவுக்கு ஆசிடை வெண்பா என்று பெயராக உட்கார்ந்துகொண்டது. சொல் வேலையிலிருந்து வந்தது, அதனால் புலவருக்கும் புரிந்தது.

இயந்திரத்துக்கே ‘வெட்டொட்டி’ என்ற பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. வெட்டி ஒட்டுவது கணினிக்குப் போய்விட்டது; தவிர, ஒட்டுவது பசையின் வேலை. இங்கே இரும்பே உருகிச் சேர்கிறது. ‘வெட்டு-பற்றவைப்பு இயந்திரம்’ என்றே எழுதுவோம், நீளமானாலும் சரி.

தகட்டைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: தாங்குவீதம் 200 ஆம்பியரில் 30 சதவீதம், 141 ஆம்பியரில் 60 சதவீதம்; முழுத்தாங்கு மின்னோட்டம் 110 ஆம்பியர். பட்டறையில் நாள் முழுக்க ராடு பிடிக்கிறவர்கள் இதை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.