ஜெயில் ரோஸ்டருக்குத் தமிழ்ச்சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

மீ.ரா., ஹூஸ்டன்:

அன்புடையீர், வணக்கம். டெக்சாஸில் உறவினர் ஒருவர் கைதானால் அவரை எங்கே, எப்படித் தேடுவது என்று விளக்கும் நான்கு பக்கத் துண்டறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் இங்கே படிக்கும் மாணவர்களின் பெற்றோர். மகன் ஹூஸ்டனிலிருந்து எல் பாசோவுக்குக் காரில் போகிறான். நடுவழியில் ஏதோ ஒரு பொட்டல்காட்டில் பிடிபடுகிறான். விருதுநகரில் அப்பாவும் அம்மாவும் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கானது.

மாநிலத்தில் 254 கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) இருக்கின்றன. பிடித்தவர் மாநிலக் காவலராகவே இருந்தாலும், கொண்டுபோய் அடைப்பது பெரும்பாலும் பிடிபட்ட இடத்துக் கவுண்டியின் ஜெயிலில்தான். அதை நடத்துபவர், நான்காண்டுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஷெரிப். உள்ளே வந்தவரின் கைரேகை, படம், உடைமைக் கணக்கு ஆகியவற்றை எடுத்துப் பதிவதற்கு 'புக்கிங்' என்று பெயர். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் பெயர், சாட்டப்பட்டுள்ள குற்றம், பிணைத்தொகை இவற்றைப் பல கவுண்டிகள் இணையத்தில் பட்டியலாக வைக்கின்றன. அதுதான் 'ஜெயில் ரோஸ்டர்'.

எனக்கு இந்த இரண்டு சொற்கள் மட்டும் போதும். 'புக்கிங்' என்று அப்படியே போட்டால் திருப்பதி தரிசனம்தான் நினைவுக்கு வருகிறது.

கோ.தி., திருவையாறு:

அம்மா கேட்காத சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'கவுண்டி' எதற்கு? தொண்டை மண்டலத்தை நம் முன்னோர் 24 கோட்டங்களாகப் பிரித்து ஆண்டார்கள். கவுண்டி என்பது கோட்டம். சிறைக்கும் நம்மிடம் சொல் உண்டு: மணிமேகலையில் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' இருக்கிறது. சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீர் காலம் தாழ்ந்து வந்ததால் அதைப் பருகாமல் உயிர் நீத்தது குடவாயிற் கோட்டத்தில், புறநானூறு 74. ஆகவே ஜெயில் ரோஸ்டர் என்பது 'கோட்டச் சிறைக்கோட்ட ஏடு'.

இன்னொன்று. 'கைது' தமிழன்று. 'கை' என்று தொடங்குவதால் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள். 'கய்த்' என்னும் அரபுச் சொல்லே அது. 'சிறைபிடிப்பு' என்று எழுதுக.

சு.வே., மதுரை:

ஐயா மன்னிக்க வேண்டும். கோட்டம் என்று போட்டால் விருதுநகர்க்காரர் நேராக வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் போய் நிற்பார். கோட்டத்துக்குள் கோட்டம், அதற்குள் ஏடு. வள்ளுவர் 'சொற்கோட்டம்' என்றது வேறு பொருளில் என்றாலும் இங்கே பொருந்துகிறது. 'ஏடு' என்றாலும் காவல் நிலையம் பக்கம் போனவர்களுக்கு ஏட்டய்யாதான் நினைவுக்கு வருவார். 'சிறைபிடிப்பு' என்றால், பையனைக் கடத்திவிட்டார்களோ என்று தாய் பதறுவாள்.

முப்பதாண்டு நீதிமன்றத்தில் நின்றவன் என்ற முறையில் எனக்கு வேறு கவலை. சொல் எதுவானாலும் அதில் 'குற்ற' என்ற ஒட்டு வரக் கூடாது. 'குற்றப் பதிவு', 'குற்றவாளிகள் பட்டியல்' இரண்டும் தவறு. பட்டியலில் இருப்பவர் பிடிக்கப்பட்டவர், அவ்வளவே. டெக்சாஸில் கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறார்கள்; அதற்கு முன்பே பெயர் ஊரறிய வந்துவிடும். கவுண்டி ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக்குக் காத்திருப்பவர்கள், அல்லது ஓராண்டுக்கு உட்பட்ட தண்டனை பெற்றவர்கள். நெடுந்தண்டனைக்காரர்கள் மாநிலச் சிறைக்குப் போய்விடுவார்கள். ஆங்கிலத்தில் அவற்றுக்கு 'ஜெயில்', 'பிரிசன்' என்று இரண்டு சொற்கள். நாம் இரண்டையும் சிறை என்கிறோம். 'கைதி' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு விசாரணைக் கைதியையும் தண்டனைக் கைதியையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறோம்.

நம் ஊரிலும் இது புதிதில்லை. கைதானவர்களின் பெயரையும் முகவரியையும் காவல் நிலையத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தில் 41சி. அதைத் தமிழில் எப்படி எழுதி ஒட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

பா.க., பெங்களூரு:

'ரோஸ்டர்' எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்க்கவில்லையே! டச்சுச் சொல் அது. முதற்பொருள், இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பித்தட்டு. தாளில் போட்ட கோடுகள் அந்தக் கம்பிகளைப் போல இருந்ததால் பட்டியலுக்குப் பெயராயிற்று. தமிழிலோ சிறையிலிருப்பவரைக் 'கம்பி எண்ணுகிறார்' என்கிறோம். அங்கே கம்பியிலிருந்து பட்டியல் வந்தது, இங்கே கம்பியிலிருந்து சிறை வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டால் 'கம்பியேடு'! இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? 'ஜெயில்' என்பதும் கூண்டு என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நம் 'சிறை'க்கு இறகு என்றும் பொருள் உண்டு. கூண்டும் இறகும்! இது பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

சு.வே.:

ஜாமீனில் வெளியே வந்து கம்பி நீட்டியவர்களுக்கும் இதே ஏடுதானா?

த.ந., டொராண்டோ:

நீங்கள் எல்லோரும் ஒரு சொல்லை மறந்துவிட்டீர்கள். இலங்கையில் விசாரணை முடியாமல் உள்ளே இருப்பதை 'விளக்கமறியல்' என்கிறோம். விளக்கம் என்பது வழக்கு விசாரணை, மறியல் என்பது சிறை. வழக்கறிஞர் ஐயா தேடும் வேறுபாடு அந்த ஒரே சொல்லில் இருக்கிறது. 'விளக்கமறியல் பட்டியல்' என்று போடலாமே.

கோ.தி.:

அம்மையார் சொன்னது அருந்தமிழ்ச் சொல். வழிமொழிகிறேன். (கோட்டத்தைக் கைவிட்டதாகப் பொருளில்லை.)

சு.வே.:

நல்ல சொல்தான், பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் மறியல் என்றால் பஸ்ஸை நிறுத்துவது. மகன் சாலை மறியலில் கைதானான் என்று நினைத்து, மாலையில் மண்டபத்திலிருந்து விட்டுவிடுவார்கள் என்று அப்பா நிம்மதியாகத் தூங்கிவிடுவார். தவிர, அந்தப் பட்டியலில் குறுந்தண்டனைக்காரர்களும் இருக்கிறார்கள்.

மீ.ரா.:

நாளை மறுநாள் வெள்ளி. ஒன்று சொல்லவா? அந்த இணையப் பக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் எவ்வளவு அழகான தமிழ்ச்சொல் போட்டாலும், அவர்கள் கண்கள் தேட வேண்டியது 'ஜெயில் ரோஸ்டர்' என்ற ஆங்கில எழுத்துகளை. அதனால் தமிழ்ச்சொல்லுக்குப் பக்கத்தில் அந்த ஒலியையும் போட்டே ஆக வேண்டும்.

உண்மையில் இதைவிடப் பெரிய சிக்கல் பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று விழுந்துவிடுகிறது. முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. ஆகவே மகன் பெயரில் தேடி, இல்லையென்றால் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக இட்டுத் தேடி, அதுவும் இல்லையென்றால் எஃப்.என்.யு. என்று தேட வேண்டும். இதற்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கியிருக்கிறேன்.

சிறு கவுண்டிகளில் பட்டியல் இணையத்தில் இல்லாமலே போகலாம். ஷெரிப் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்பதுதான் வழி. சில கவுண்டிகளுக்கு ஜெயிலே கிடையாது, பக்கத்துக் கவுண்டிக்குக் காசு கொடுத்து அங்கே வைப்பார்கள். விடுதலையானவர் பெயர் ரோஸ்டரிலிருந்து போய்விடும். அதன் பிறகு நீதிமன்ற ஆவணங்களில்தான் தேட வேண்டும்: பெருங்குற்ற வழக்கென்றால் மாவட்ட நீதிமன்ற எழுத்தர், சிறு குற்றம் பெரும்பாலும் கவுண்டி எழுத்தர். கைது பற்றிய அடிப்படைத் தகவல் பொதுவானது என்று மாநிலத்தின் பொதுத் தகவல் சட்டம் சொல்வதால் எழுத்து மூலமும் கேட்கலாம்.

'இருப்புப் பட்டியல்' என்று என் கணவர் சொன்னார். உரக்கடை நினைவு வந்ததால் விட்டுவிட்டேன். 'சிறைச் சேர்க்கை' என்று புக்கிங்கை எழுதிப் பார்த்தேன். 'மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது' என்று பதாகை கட்டத் தோன்றியது.

பா.க.:

ஷெரிப்பை எப்படி எழுதுகிறீர்கள்? சென்னையில் 1727 முதல் 1998 வரை ஷெரிப் இருந்தார். பெரியவர்களுக்கு ஷெரிப் என்றால் விருந்தினருக்கு மாலை போடும் அலங்காரப் பதவி.

மீ.ரா.:

நல்ல வேளை சொன்னீர்கள். 'கவுண்டியின் காவல் தலைவர் (ஷெரிப்)' என்று மாற்றிவிட்டேன்.

ரோஸ்டருக்குச் 'சிறையிருப்போர் பட்டியல்', புக்கிங்குக்குச் 'சிறைப்பதிவு', கவுண்டிக்குக் கவுண்டி. இன்று இரவுக்குள் மறுப்பில்லையென்றால் அனுப்பிவிடுவேன்.

சு.வே.:

சிறையிருப்போருக்குச் சரி. சிறைப்பதிவுக்கு அரை மனது. நாளைக்கு வேலை கொடுப்பவர் 'உனக்குச் சிறைப்பதிவு உண்டா' என்று கேட்டால் பையன் என்ன சொல்வான்? 'காவல் பதிவு' என்றால் கொஞ்சம் தேவலை. ஆனாலும் தடுக்கவில்லை.

த.ந.:

சரி. அடிக்குறிப்பிலாவது விளக்கமறியலைச் சேருங்கள். இங்கே டொராண்டோவிலிருந்தும் டெக்சாஸுக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மீ.ரா.:

சேர்த்துவிட்டேன், அக்கா. அச்சுக்குப் போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

கோ.தி.:

வெளியூர் சென்றிருந்ததால் மடல்களை இன்றுதான் பார்த்தேன். 'பதிவு', 'பட்டியல்' குறித்து மறுப்பில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் 'கைது' பதினொரு முறை வருகிறது. இரண்டாம் பதிப்பு எப்போது?

பா.க.:

கம்பியேட்டை அப்போது மறுபடியும் எடுத்துக்கொள்வோம்.