தொலைமருத்துவத்தில் நோயாளியின் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவர் ஓரிடத்திலும் நோயாளி வேறிடத்திலும் இருக்க, திரை வழியாக நடக்கும் மருத்துவத்தைக் குறிக்கும் 'தொலைமருத்துவம்' என்ற சொல்லை மாற்றலாமா என்ற பேச்சு நம்மிடையே நடக்கிறது. மாற்ற வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அது தொலைந்துபோவதை நினைவூட்டுகிறது என்று ஆரணி நண்பர் எழுதியிருந்தார். தொலைபேசியை எடுக்கும்போது யாருக்கும் அந்த நினைவு வருவதில்லையே! அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் 'சேய்மை மருத்துவம்' (சேய்மை என்றால் தொலைவு) அழகான சொல்தான். ஆனால் 'சேய்' என்றதும் குழந்தை மருத்துவம் என்று எண்ணிக்கொள்பவர்களே மிகுதியாக இருப்பார்கள்.

என் கவலை வேறு. நிபுணருக்கும் நோயாளிக்கும் பெயர் இருக்கிறது. நோயாளியின் பக்கத்தில் நிற்பவருக்கு இல்லை.

நோயாளிகளுக்கான துண்டறிக்கைகளை மொழிபெயர்க்கும் வேலையாக ஜவ்வாது மலையில் ஒரு சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். கால் வீங்கிய ஒரு பாட்டி. திரையில் வேலூரிலிருந்து மருத்துவர். கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது அழுத்திப் பார்க்கச் சொன்னார். செவிலியர் கட்டைவிரலால் அழுத்தி, மனத்துக்குள் எண்ணி, விரலை எடுத்தார். குழி அப்படியே நின்றது; நீர் கோத்த வீக்கத்தின் அடையாளம் அது. கேமராவில் அது தெரியவில்லை. "குழி விழுகிறது டாக்டர், மேலே வர நேரமாகிறது" என்று அவர் சொன்ன பிறகுதான், படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்ற அடுத்த கேள்வி வந்தது.

அந்த விரல் இல்லாமல் அங்கே மருத்துவம் இல்லை. 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலும் சுகாதாரப் பணியாளர் வழியாக நடக்கும் ஆலோசனையைத் தனி வகையாகவே சொல்கிறது. 2000-ஆம் ஆண்டிலேயே ஆந்திரத்தின் அரகொண்டா கிராமத்தில் தொலைமருத்துவ மையம் வந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளாகியும் நோயாளியின் பக்கத்தில் நிற்பவரை 'உதவியாளர்' என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். 'இடைநிலையர்' என்றால் தரகர் வாடை அடிக்கிறது. 'முன்களப் பணியாளர்' கொரோனா காலத்திலேயே வேறு பொருளில் நிலைத்துவிட்டது.

நான் முன்வைப்பது: அருகாளர்.

'அருகர்' என்பது சமணத்தில் வழிபடும் பெயர், திருமலைச் சமணக் கோயிலைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு சொல்லா என்று போளூர் நண்பர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் 'அருகர்' என்ற சொல் 'அருகு' என்பதிலிருந்து வந்ததன்று. மேலும் பயிற்சியாளர், பொறுப்பாளர் போல '-ஆளர்' விகுதி வந்ததும் 'அருகாளர்' ஒரு பணியைச் செய்பவரின் பெயராகவே காதில் விழுகிறது.

அந்தச் செவிலியரிடமே சொல்லிப் பார்த்தேன். "பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளும் அருகாளர்தானே?" என்றார். உறவினருக்கு 'உடனிருப்பவர்' என்று மருத்துவமனைகளில் ஏற்கெனவே வழங்குகிறது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

வரையறை இப்படி இருக்கலாம்: 'அருகாளர் – தொலைமருத்துவ ஆலோசனையின்போது நோயாளியின் பக்கத்தில் இருந்து, மருத்துவர் சொற்படி தொட்டும் அளந்தும் பார்த்து, கண்டதைச் சொல்லும் பயிற்சி பெற்ற பணியாளர்.' இதில் 'மருத்துவர் சொற்படி' தேவையா என்று எனக்கு ஐயம் உண்டு. பாட்டி இரவில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்பதை யாரும் கேட்காமலே அந்தச் செவிலியர்தான் சொன்னார்.