மியூஸ்ஸ்கோர் 4: முதல் பக்கத்தில் ஒரே சிஸ்டம், ஸ்டாஃப் இடைவெளி எக்கச்சக்கம்

கேள்வி:
இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் நாலு குரல், கூடவே பியானோ. மொத்தம் ஆறு ஸ்டாஃப் (சுரம் எழுதும் ஐந்து கோட்டு வரிசை). ஏ4 தாள், மார்ஜின் எல்லாப் பக்கமும் 15 மி.மீ., ஸ்டாஃப் ஸ்பேஸ் (அடுத்தடுத்த இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ள தூரம்) 1.75 மி.மீ. மற்ற பக்கங்களில் இரண்டிரண்டு சிஸ்டம் (சேர்ந்து ஒலிக்கும் ஆறு ஸ்டாஃப்களின் தொகுதி) ஒழுங்காக உட்காருகிறது. தலைப்பு இருக்கும் முதல் பக்கத்தில் மட்டும் ஒன்றே ஒன்று. அதுவும் பக்கம் முழுக்கப் பரந்து, பியானோவின் வலக்கை ஒரு கோடி, இடக்கை ஒரு கோடி. ஸ்டைலில் ஸ்டாஃப் இடைவெளியைக் குறைத்தும் அசையவில்லை.

பதில் 1:
ஃபார்மட் → ஸ்டைல் → பேஜ் போய், வெர்ட்டிகல் ஜஸ்டிஃபிகேஷன் டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். அது இருக்கும்வரை மிச்ச இடத்தை ஸ்டாஃப்களுக்கு நடுவே பங்கு போட்டுவிடும். உண்மையான இடைவெளி கண்ணில் படாது. இரண்டாவது சிஸ்டம் ஏன் ஏறவில்லை என்பதுதான் விஷயம்.

கணக்குப் போடுவோம். ஆறு ஸ்டாஃப், தலைக்கு 4 ஸ்பேஸ்: 24. பாடல் வரி வரும் நாலு இடைவெளிக்கு 9 வீதம் 36. பியானோவுக்குள் 7. ஆக ஒரு சிஸ்டம் 67 ஸ்பேஸ். இரண்டும், நடுவில் 9-ம் சேர்த்தால் 143. அதாவது சுமார் 250 மி.மீ. தாளில் கிடைப்பது 267. தலைப்பு ஃப்ரேம் 10 ஸ்பேஸ் உயரம் என்றால் இன்னொரு 17.5 மி.மீ. போச்சு, ஒரு மி.மீ. கூட இல்லாத குறையில் சிஸ்டம் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது.

பேஜ் செட்டிங்ஸில் ஸ்டாஃப் ஸ்பேஸை 1.6 ஆக்கினால் எல்லாம் சேர்ந்து 245-க்குள் அடங்கும். பிறகு டிக்கைத் திரும்பப் போடலாம். பியானோ மறுபடி விலகினால் கிராண்ட் ஸ்டாஃபின் (பியானோவின் இரட்டை ஸ்டாஃப்) அதிகபட்ச இடைவெளியை 10 ஸ்பேஸ் அளவுக்குக் குறையுங்கள்.

பதில் 2:
உடனே ஸ்டாஃப் ஸ்பேஸைக் குறைத்து எழுத்தைச் சிறிதாக்க வேண்டாமே. ஸ்டைலில் கொடுக்கும் ஸ்டாஃப் இடைவெளி குறைந்தபட்சம்தான்; உள்ளே இருப்பது முட்டினால் அது தானாக அகலும். நீங்கள் குறைத்தும் அசையாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஆல்ட்டோவில் ஒரே ஒரு சுரம் லெட்ஜர் கோட்டுக்கு (ஸ்டாஃபுக்கு வெளியே போடும் துணைக்கோடு) இறங்கினாலும், அந்த சிஸ்டத்தில் அவர்களுடைய பாடல் வரி முழுவதும் கீழே போகும். அதற்கும் கீழே டைனமிக்ஸும் (p, f போன்ற ஒலியளவுக் குறிகள்) ஹேர்பின்னும் (ஒலி கூடிக் குறைவதைக் காட்டும் விரிகோடு) கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

குரல் ஸ்டாஃபில் அவை மேலே இருப்பதுதான் முறை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் செலக்ட் வழியாக அதே ஸ்டாஃபில் உள்ள மற்றவற்றையும் பிடித்து, ப்ராப்பர்ட்டீஸில் ஸ்டாஃபுக்கு மேலே என்று மாற்றுங்கள். குரல் இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பேஸ் மிச்சமானாலே இரண்டு சிஸ்டத்துக்கு 14 மி.மீ. கிடைத்துவிடும். அதற்குப் பிறகும் இடம் நெருக்கடியாக இருந்தால் மட்டும் 1.6-க்குப் போங்கள்.

பதில் 3:
இரண்டையும் செய்துவிட்டு, கடைசியில்தான் ஸ்பேஸர் (ஸ்டாஃப்களுக்கு நடுவே தூரத்தைக் கையால் வைக்கும் கருவி). ஃபிக்ஸ்டு ஸ்பேஸர் முட்டலைப் பார்க்காது, சொன்ன தூரத்தை அப்படியே வைக்கும். பிறகு ஒரு சரணம் கூட்டினால் எழுத்து அடுத்த ஸ்டாஃபின் மேல் ஏறி உட்காரும். பார்ட்டுகளுக்கு (ஒவ்வொரு குரலுக்கும் கருவிக்கும் தனியாக எடுக்கும் தாள்) தனி ஸ்டைல் என்பதால் அங்கேயும் மாற வேண்டுமானால் ‘அப்ளை டு ஆல் பார்ட்ஸ்’ அழுத்த வேண்டும். ஆனால் ஸ்டாஃப் ஸ்பேஸுக்கு அதை அழுத்தாதீர்கள், ஒற்றை ஸ்டாஃப் பார்ட்டுக்கு 1.75-தான் படிக்க வசதி.