பாசிக்குடாவில் மெலிந்து கிடக்கும் குதிரைக்குட்டி: காசு கொடுத்து எடுப்பதா, பொலிசுக்குப் போவதா?

பேத்தாழைப் பிள்ளை:

இங்கே ஆடு மாடு வளர்க்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன், குதிரை பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்னும் நல்லது.

எங்கள் ஒழுங்கைக்குள் ஒருவர் இருக்கிறார், பாசிக்குடாக் கரையில் வெள்ளைக்காரரையும் சின்னப் பிள்ளைகளையும் ஏற்றிச் சவாரி விடுகிறவர். அவருடைய பெண்குதிரை இந்த வைகாசியில் ஒரு குட்டி போட்டது. சீசன் நேரம் தாயைக் காலையிலேயே கடற்கரைக்குக் கொண்டு போய்விடுவார், குட்டி தென்னைக்குக் கீழே கட்டியபடி கிடக்கும், பொழுதுபட்டுத் தாய் வந்தால்தான் பால். சீசன் முடிந்த கையோடு தாயைப் பொத்துவில் பக்கம் விற்றுவிட்டார். இப்போது குட்டி தனியே. விலா எலும்பை எண்ணலாம், வயிறு மட்டும் பானை மாதிரி. பிறந்தபோது போட்ட முகக்கயிறு இறுகி மூக்குக்கு மேலே தோலை அறுத்துவிட்டது, இலையான் மொய்க்கிறது. பின்னேரங்களில் நான் கொஞ்சம் புல் அறுத்துப் போடுகிறேன், அவர் ஒன்றும் சொல்வதில்லை.

அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு கரையில் ஆளே இல்லை, அடுத்த வருடம் கொரோனா, 2022 இல் அரிசிக்கே வரிசை. அந்த நேரமெல்லாம் கடன்பட்டுத் தவிடு வாங்கித் தாய்க்குதிரையைக் காப்பாற்றியவர். இப்போது மீன்வாடியில் கூலிக்குப் போகிறார், குட்டியைப் பார்க்க நேரமும் இல்லை, மனமும் இல்லை.

கேட்டால் “எழுபத்தையாயிரம் தா, கொண்டு போ” என்கிறார். அந்தக் காசில் அடுத்த சீசனுக்கு வேறொரு குதிரை பார்க்கலாம் என்றும் அவரே சொல்கிறார், அதுதான் எனக்கு இடிக்கிறது. நான் ஒன்றை எடுக்க, அந்தத் தென்னைக்குக் கீழே இன்னொன்று வந்து நிற்கும். பொலிசில் சொல்லலாமா? பேசாமல் புல் போட்டுக்கொண்டே இருப்பதா? சிநேகிதி ஒருத்தி இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு வாகரைப் பக்கம் போகலாம் என்கிறாள். எங்கள் வளவு 20 பேர்ச்சஸ்தான், அதுவும் அம்மாவின் கத்தரித் தோட்டத்தோடு.

கிரான் பட்டிக்காரன்:

கோபிக்க வேண்டாம் தங்கச்சி, மனதில் இருப்பதைச் சொல்கிறேன். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரை பறிபோகிறது என்று 2023 செப்டெம்பரில் சித்தாண்டி றோட்டோரம் கொட்டில் போட்டுப் போராட்டத்துக்கு உட்கார்ந்தோம். வெடிபட்டும் வெட்டுப்பட்டும் எங்கள் மாடுகள் செத்தன. அதற்கு முந்திய வருடம் டிசம்பரில் குளிர்காற்று அடித்து வடக்குக் கிழக்கில் ஆயிரத்துக்கு மேல் மாடும் ஆடும் விறைத்துச் செத்தன. அதற்கெல்லாம் இங்கே ஒருவரும் கேள்வி போடவில்லை. குதிரை என்றால் கண் பெரிது, பிடரி மயிர் அழகு, எல்லாருக்கும் மனம் இளகும்.

சரி, கேட்டதற்குப் பதில். வாங்காதீர்கள். குதிரை 25, 30 வருடம் இருக்கிற பிராணி. உங்களுக்குக் கல்யாணம் நடந்து, பிள்ளைகள் பெரியவர்களாகும்போதும் அது புல் கேட்கும். மாடு என்றால் வயதானதும் என்ன செய்வது என்று ஊருக்கே தெரியும், விருப்பமோ இல்லையோ ஒரு வழி இருக்கிறது. குதிரைக்கு அதுவும் கிடையாது, கடைசியில் றோட்டில் விடத்தான் வரும். நுவரெலியா டவுனில் சவாரிக்கு உதவாத குதிரைகள் குப்பையைக் கிளறிக்கொண்டு திரிவதைப் பார்த்தவன் நான்.

தயிர்ச்சட்டி:

பட்டிக்கார அண்ணன், மேய்ச்சல் தரை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். ஆனால் ஒன்று கேட்கட்டுமா. மட்டக்களப்புத் தயிர் என்று நாடு முழுக்கப் பெயர் எடுத்த தயிருக்கு எருமைக்கன்று எவ்வளவு பால் விட்டுக்கொடுக்கிறது? மடியில் முட்டவிட்டு, பால் சுரந்ததும் இழுத்துக் கட்டுகிற கன்றுக்கும் இந்தக் குட்டிக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஆண்கன்று என்றால் இன்னும் மோசம். நானும் அந்தத் தயிரைத் தின்கிறவள்தான், உங்களை மட்டும் குறை சொல்ல வரவில்லை. குதிரைக்காரர் தாயின் முதுகால் உழைத்தார், நாங்கள் மடியால் உழைக்கிறோம், இரண்டிலும் குட்டிதான் பட்டினி கிடக்கிறது.

கிரான் பட்டிக்காரன்:

நல்ல பட்டிக்காரன் கன்றுக்கு ஒரு காம்பு விடுவான். விடாதவனும் இருக்கிறான், மறுக்கவில்லை.

மட்டுநகர் வழக்காளி:

சட்டத்தைப் பொறுத்தவரை இருப்பதைச் சொல்கிறேன். எங்களிடம் இருப்பது 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க மிருகவதைக் கட்டளைச் சட்டம். பிராணியைப் பட்டினி போட்டு வதைப்பதும் அதில் குற்றம்தான். தண்டம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 100 ரூபா. மூன்று மாதம் வரை சிறையும் போடலாம் என்று இருக்கிறது, ஆனால் மெலிந்த குட்டிக்காக ஒருவரை உள்ளே போடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். 1907 இல் 100 ரூபா பெரிய காசு, இன்றைக்கு ஒரு பிளேன்ரீக்கே யோசிக்க வேண்டும். சட்ட ஆணைக்குழு 2006 இல் புதிய வரைவு ஒன்று தயாரித்தது, அதன் பிறகு அது ஒவ்வொரு அரசாங்கத்தின் மேசையிலும் வருடக்கணக்காக இழுபட்டது.

பொலிசில் முறைப்பாடு கொடுக்கலாம், அது உங்கள் உரிமை. கொடுப்பதென்றால் திகதியோடு படம் எடுத்து வையுங்கள், மிருக வைத்தியரிடம் எழுத்தில் ஒரு குறிப்பு வாங்குங்கள். ஆனால் அடுத்த நாளைப் பற்றி யோசியுங்கள். குட்டியைப் பொலிஸ் எங்கே கட்டும்? ஸ்டேஷன் வளவுக்குள் இரண்டு நாள் நிற்கும், பிறகு அதே ஆளின் கையில் கயிறு போகும். அந்த ஆளுக்கு இப்போது உங்கள் மேல் கோபமும் இருக்கும், நீங்கள் போடுகிற புல்லும் நின்றுபோகும்.

இரவில் அவிழ்ப்பது களவு. அது பசியால் செத்துக்கொண்டிருந்தாலும் களவுதான். சிநேகிதியிடம் சொல்லுங்கள், குதிரைக்காரர் 100 ரூபாத் தண்டத்தோடு போவார், நீங்கள் இரண்டு பேரும் அதைவிடப் பெரிய வழக்கோடு நிற்பீர்கள்.

கல்லாறு பழைய குதிரைக்காரன்:

நுவரெலியா ரேஸ் கோர்ஸில் லாயத்தில் வேலை செய்தவன், இப்போது ஊரோடு இருக்கிறேன். வாங்குவதா விடுவதா என்று ஆறுதலாக அடிபடுங்கள், குட்டி அதுவரை இருக்க வேண்டுமே.

முதலில் முகக்கயிறு. இழுத்துக் கழற்ற வேண்டாம், புண்ணோடு ஒட்டியிருந்தால் தோலும் வரும். மிருக வைத்தியர் வந்து வெட்டட்டும். குதிரைக்கு ஏற்பு வருத்தம் (டெட்டனஸ்) மாட்டைவிட மிகச் சுலபமாக வரும், அந்தப் புண்ணே போதும், ஆகவே ஏற்பு ஊசி பற்றி வைத்தியரிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள். அப்படியே பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பல் எட்டு நாளில் முதல் சோடி, எட்டு வாரத்தில் அடுத்தது, எட்டு மாதத்தில் கடைசிச் சோடி என்று ஒரு கணக்கு உண்டு. வைகாசிக் குட்டி என்றால் கடைசிச் சோடி இன்னும் வந்திருக்காது. நாலு முதல் ஆறு மாதத்தில் பால் மறக்க வைப்பார்கள், அதனால் பாலுக்கு அலைய வேண்டாம். பசுப்பாலைப் போத்தலில் ஊற்றி வாய்க்குள் விடுகிற வேலையும் வேண்டாம்.

அந்தப் பானை வயிறு அநேகமாகப் புழு. எல்லாரும் செய்கிற பிழை, கடையில் பலமான பூச்சி மருந்தாக வாங்கி ஒரேயடியாகக் கொடுப்பது. குட்டியின் குடலில் நீளமான புழு கட்டுக்கட்டாக இருக்கும், எல்லாம் ஒன்றாகச் செத்தால் குடலை அடைத்துவிடும். மெதுவான மருந்தில் தொடங்க வேண்டும், எது, எவ்வளவு என்பதை வைத்தியர் நிறை பார்த்துச் சொல்வார்.

அடுத்தது சாப்பாடு, இங்கேதான் பாசம் கொல்லும். பட்டினி கிடந்த குதிரைக்கு ஒரு வாளி தவிடும் புண்ணாக்கும் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் விழுந்துவிடும். உடம்பில் உப்புச் சத்துகள் திடீரென்று இறங்கி இதயம் நின்றுவிடும். குதிரைக்குச் சத்தி எடுக்கவும் வராது, உள்ளே போனது போனதுதான். புல் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளில் ஆறு ஏழு தடவை, முதல் பத்து நாளும் அப்படியே. கொள்ளு எல்லாம் அதற்குப் பிறகு. தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

புல்லிலும் கவனம். பால்மாட்டுக்காரர் நடுகிற நேப்பியர், சீஓ 3 வகைப் புல்லை மட்டுமே மாதக்கணக்கில் போட்டால் அதில் உள்ள ஒக்சலேற் என்ற பொருள் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்து எலும்பைக் கெடுக்கும், குதிரையின் முகமே வீங்கிப்போகும். கலந்து போடுங்கள். இப்பிலிப்பில் மரத்து இலை தின்றால் பிடரியும் வாலும் கொட்டும். வேலிக்கு நடுகிற கிளிசரியா மரத்து இலையும் குதிரைக்கு ஆகாது. ஆடு தின்கிறதே என்று நினைக்க வேண்டாம், ஆட்டின் வயிறு வேறு. எல்லாவற்றையும்விடப் பயங்கரம் கோழித் தீன். சில தீனில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும், மாடு தாங்குகிற அளவில் பத்தில் ஒரு பங்கு போதும் குதிரையின் இதயத்தை முடிக்க. பக்கத்து வளவில் கோழிக்கூடு இருந்தால் சாக்கை உயரத்தில் வையுங்கள்.

இன்னொன்று, தனியே வைக்காதீர்கள். குதிரை தனியே நின்றால் தேய்ந்துபோகும். இன்னொரு குதிரைக்கு வழி இல்லாவிட்டால் ஓர் ஆடாவது பக்கத்தில் நிற்கட்டும்.

ஓட்டமாவடிக் காக்கா:

மகள், உங்கள் ஆளை எனக்கும் தெரியும் போலிருக்கிறது, பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்வது வாங்குவதும் இல்லை, முறைப்பாடும் இல்லை. எங்கள் பக்கம் ஆடு பங்குக்கு வளர்க்கக் கொடுப்பார்களே, அது மாதிரி ஒரு பேச்சுப் பேசிப் பார்க்கலாம். குட்டி வளர்க்கிறவர் கையில், மருந்துச் செலவு வளர்க்கிறவருக்கு, அவருக்குக் கையில் ஒரு சின்னத் தொகை. எழுபத்தையாயிரத்துக்கு அவர் குதிரை வாங்கப் போவதில்லை, அந்தக் காசுக்கு இன்றைக்குக் குதிரையின் வால்கூட வராது. அவருக்குக் கடன்தான் பிரச்சினை. வாகரை றோட்டில் எனக்கு ஒரு ஏக்கர் மரமுந்திரிகைக் காணி சும்மா கிடக்கிறது, ஆடும் நாலைந்து நிற்கிறது, ஒரு கொட்டிலும் இருக்கிறது. மாரி வருகிறது, வாடைக்காற்றுக்கு முன்னால் கூரைக்குக் கீழே போக வேண்டும், மற்றது பிறகு.

மட்டுநகர் வழக்காளி:

காக்கா, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், ஆனால் பங்கு என்றால் குட்டி அவருடையதுதான். நீங்கள் மூன்று வருடம் தீன் போட்டு உருப்படியாக்கி விடுவீர்கள், சவாரிக்குப் பருவம் வந்ததும் வந்து அவிழ்ப்பார், நீதிமன்றமும் அவர் பக்கம்தான் நிற்கும். சின்னத் தொகை கொடுப்பதென்றால் அதையே விலையாக எழுதி, முழு உரிமையும் மாறுகிறது என்று இரண்டு சாட்சியோடு கையெழுத்து வாங்குங்கள். கிராம சேவகரும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

தயிர்ச்சட்டி:

அப்போது பட்டினி போட்டதற்குக் கூலி கொடுத்த கதைதானே? இதைக் கேள்விப்பட்டால் அடுத்த கரைக்காரரும் குட்டியை மெலியவிட்டுப் படம் எடுத்துப் போடுவார்.

பேத்தாழைப் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னது இரவு முழுக்க மண்டைக்குள் நின்றது. ஆனால் அடுத்த கரைக்காரரை நினைத்து இந்தக் குட்டியை விட எனக்கு முடியாது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலும் இல்லை.

இன்று காலை மிருக வைத்தியர் வந்தார், கயிற்றை வெட்டி, புண்ணைக் கழுவி, ஏற்பு ஊசியும் போட்டார். புழுவுக்கு மெதுவான மருந்து, கல்லாற்று ஐயா சொன்ன அதே காரணத்தைத்தான் அவரும் சொன்னார். குதிரைக்காரர் பக்கத்தில் நின்று தலையைப் பிடித்துக் கொடுத்தார், கை நன்றாகப் பழகிய கை. காக்கா சொன்ன மாதிரி ஒரு சின்னத் தொகையைச் சொன்னேன். இருபதாயிரம் என்றதும் முகம் சுருங்கியது, பிறகு “கடைக்காரனுக்குக் கொடுக்க வேண்டியது அவ்வளவுதான்” என்றார். அடுத்த சீசனுக்கு வேறு குட்டி கொண்டுவருவீர்களா என்று நேரே கேட்டேன். பதில் சொல்லவில்லை. எழுத்து வேலையை வழக்காளி அண்ணன் சொன்னபடி செய்வோம்.

காக்கா, பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று ஒழுங்கு செய்ய முடியுமா? குட்டி இதுவரை வாகனத்தில் ஏறியதே இல்லை. உங்கள் காணி வேலி என்ன வேலி?

ஓட்டமாவடிக் காக்கா:

லொறி என் மருமகனுடையது, சனிக்கிழமை வரும். வேலி சுற்றிவர கிளிசரியாதான் மகள்.

கல்லாறு பழைய குதிரைக்காரன்:

அப்படியென்றால் சனிக்கிழமை வேண்டாம். வேலிக்கு உள்பக்கம் ஆறடி தள்ளி இன்னொரு கம்பி இழுங்கள், முள்ளுக்கம்பி இல்லை, வெறுங்கம்பி, குட்டியின் நெஞ்சு உயரத்துக்கு ஒன்று, அதற்கு மேலே ஒன்று, துணிக் கீலம் கட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியும். அதுவரை லொறியைக் கொண்டுவந்து ஒழுங்கையில் நிறுத்தி, பலகை இறக்கி, பலகையில் புல்லை வைத்துத் தின்னப் பழக்குங்கள். ஏற்றுகிற அன்று முதலில் ஆட்டை ஏற்றுங்கள், குட்டி பின்னால் போகும். கண்ணைக் கட்டி நாலு பேர் தூக்குகிற வேலை வேண்டாம், அந்த விலா தாங்காது.

கிரான் பட்டிக்காரன்:

கம்பியும் தூணும் என்னிடம் மிச்சம் கிடக்கிறது, பட்டிக்கு வாங்கியது. கிரானில் வந்து ஏற்றிக்கொண்டு போங்கள் காக்கா, காசு வேண்டாம். குதிரை வாங்குவது மடத்தனம் என்று சொன்னது சொன்னதுதான்.