கீபோர்டை விட்டுக் கையை எடுத்த இரவு

ஆறு பேர் கொண்ட சின்ன நிறுவனம் அது. நான்தான் முதலில் சேர்ந்தவன். முதல் வரி நிரலும் என்னுடையது. தலைமைப் பொறுப்பு என்னிடம் வந்ததற்கு அதுதான் காரணம். மனிதர்களை நடத்தத் தெரியும் என்று யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் எட்டு மாதங்கள் பகலெல்லாம் மீட்டிங்கில் உட்கார்ந்தேன். இரவில் மற்றவர்கள் எழுதிய நிரலைத் திருத்தி எழுதினேன். யாரிடமும் சொன்னதில்லை. காலையில் வந்தவர்களுக்குத் தங்கள் வேலை வேறு உருவத்தில் இருப்பது தெரியும். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மாலை, சேர்ந்து நான்கு மாதமே ஆன இளைஞர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். சோதனை சர்வர் என்று நினைத்து, வாடிக்கையாளர்களின் டேட்டாபேஸில் ஒரு முழு அட்டவணையை அழித்துவிட்டிருந்தார். அவர் திரையில், சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. ஒரே நிறம், ஒரே எழுத்து. சர்வர் பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

வழக்கம்போல நானே தட்டத் தொடங்கினேன். அரை மணி நேரம் போனது. நடுவில், "கடைசியாக என்ன கட்டளை கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால், நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன. அவருக்கு வார்த்தையே வரவில்லை. எழுந்து, "நீங்கள் உட்காருங்கள். நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்றேன். பேக்கப்பிலிருந்து, அதாவது முன்பே எடுத்துவைத்த நகலிலிருந்து, எப்படி மீட்பது என்று வாயால் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவர் செய்தார். மூன்று மணி நேரம் பிடித்தது. நானே செய்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். வாடிக்கையாளர்களைக் காக்க வைத்தது சரியா என்று நிறுவனர் கோபப்பட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அன்று நான் எழுந்ததில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து நடந்ததை எழுதினோம். அழிக்கும் அனுமதியை அவருக்குக் கொடுத்தது நான். மீட்கும் வழி என் ஒருவன் தலையில் மட்டும் இருந்தது. பேக்கப் தினமும் ஓடியது. அதிலிருந்து ஒருமுறைகூட மீட்டுப் பார்த்ததில்லை. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், தவறான சர்வரில் இருந்த டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். ஏறத்தாழ 6 மணி நேரத் தரவு போனது. அங்கே வழக்கமான பேக்கப் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அந்த நிறுவனம் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதியது, பொறியாளரின் பெயரை மட்டும் வெளியிடாமல். எங்கள் குறிப்பிலும் அந்த இளைஞரின் பெயர் வரக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு அதுதான் காரணம்.

உண்மையான சர்வரின் ஜன்னலுக்குச் சிவப்புப் பின்னணி வைத்தோம். அழிக்கும் அனுமதியை எடுத்தோம், என்னிடமிருந்தும். மாதம் ஒருமுறை சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவர் பேக்கப்பிலிருந்து மீட்டுக் காட்ட வேண்டும். இரவில் திருத்தி எழுதுவதை நிறுத்தியதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

* * *

நான் வேறொரு நிறுவனத்தில் குழுவை நடத்தியவன். எங்கள் அனுபவம் வேறு. முதலீடு வந்ததும் வேகம் வேண்டும் என்றார்கள். ஐந்து பேராக இருந்தவர்கள் மூன்று மாதத்தில் பன்னிரண்டு ஆனோம். ஐந்து பேருக்குள் பேச்சுத் தொடர்பு 10 ஜோடி. பன்னிரண்டு பேருக்குள் 66. தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று, ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். எனக்கும் அது தெரியும். முதலீட்டாளர் முன்னால் அதைச் சொல்லும் தைரியம்தான் இல்லை.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் தன் சந்தேகங்களை நோட்டில் எழுதி, யாரிடம் கேட்க வேண்டும் என்று எதிரே குறித்து வைத்திருந்தார். ஒரு பக்கம் முழுவதும் ஒரே பெயர், எங்கள் மூத்த டெவலப்பருடையது. அன்றே மூத்த டெவலப்பரைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "லீவு போட பயமாக இருக்கிறது" என்றார். இரண்டு மாதமாக அவர் முகத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை. ரிலீஸ் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் எடுப்பதை நிறுத்தினோம். குழுவை இரண்டாகப் பிரித்து, எது யாருடைய பொறுப்பு என்று எழுதினோம். வாரம் அரை மணி நேரம் ஒவ்வொருவருடனும் தனியாகப் பேசுவதை அப்போதுதான் தொடங்கினேன். எந்த அவசரத்திலும் அதைத் தள்ளிப் போடுவதில்லை.

* * *

என்னுடையது இன்னொரு நிறுவனத்தின் கதை. எங்களிடம் நான்கு மாதச் சம்பளத்துக்குத்தான் பணம் இருந்தது. குழுவிடம் சொல்ல வேண்டாம் என்றார் நிறுவனர். ஒரு வாரம் அவரோடு வாதாடி, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன். இரண்டு பேர் போனார்கள். அவர்களுக்கு வீட்டுக் கடன் இருந்தது, போனது சரிதான். மீதிப் பேர் எந்த வேலையை நிறுத்தலாம் என்று அன்றைக்கே பட்டியல் போட்டார்கள்.

முதலில் எழுதிய நண்பரிடம் ஒரு கேள்வி. அந்த இளைஞர் பிறகு உங்களோடு இருந்தாரா?

* * *

ஒன்றரை வருடம் இருந்தார். விடைபெறும் நாளில் அந்த இரவைப் பற்றி நானே பேச்செடுத்தேன். "அதை மறந்துவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் நான் எழுதியது காணாமல் போயிருக்குமே, அதுதான் இன்னும் மறக்கவில்லை" என்றார்.