கன்ட்ரோலர் அதிரும்போது இதயத் துடிப்பு தப்பாக வருகிறது, உதவி வேண்டும்

நண்பர்களே, துடிப்பு ஏறினால் ஆட்டம் தானாக எளிதாகும்படி ஒரு சின்ன கேம் எழுதி வருகிறேன். அதற்காக ஒரு பழைய யுஎஸ்பி கன்ட்ரோலரின் வலது கைப்பிடியில், நடுவிரல் படியும் இடத்தில், விரலில் ஒளி பாய்ச்சித் துடிப்பை அளக்கும் மேக்ஸ்30102 சென்சாரைப் பதித்திருக்கிறேன். போர்டு அர்டுயினோ ப்ரோ மைக்ரோ, நொடிக்கு 100 சாம்பிள்.

சும்மா பிடித்திருந்தால் 78, 80 என்று விரல் ஆக்ஸிமீட்டரோடு ஒத்துப்போகிறது. அதிர்வு மோட்டார் ஓடிய கணமே 140-க்கு மேல் தாவுகிறது. நின்ற பிறகும் உடனே இறங்குவதில்லை. போன மாதம் மோட்டாரை இணைத்ததிலிருந்து இதே கதை. இறுக்கிப் பிடித்தால் விரலில் ரத்தம் நசுங்கி அலையே தட்டையாகிவிடுகிறது, அது வேறு தலைவலி.

மோட்டாருக்குத் தனி மின்சாரம் கொடுத்தேன், கெபாசிட்டர் போட்டேன். சென்சாருக்கு அடியில் ஸ்பாஞ்ச், சுற்றிலும் கறுப்பு டேப். அப்புறம் 0.5 முதல் 4 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விடும் ஃபில்டரும் எழுதிப் பார்த்தேன். பலனில்லை. அதிர்வை அணைக்க மனம் வரவில்லை, பயக் காட்சிகளுக்கு அதுதான் உயிர்.

எம்பியு6050 போன்ற அசைவு சென்சாரைப் பக்கத்தில் வைத்து, அதன் அளவைத் துடிப்பு அலையிலிருந்து கழிக்கும் முறை இந்த போர்டில் யாருக்காவது சரியாக வேலை செய்திருக்கிறதா?