புதுப்பிப்பு: மோட்டார் ஓடியும் அசையாத வைப்பர், சரியாகிவிட்டது

வண்டியின் முன்கண்ணாடி வைப்பரைப் போட்டால் மோட்டார் சத்தம் கேட்கிறது, இடப்பக்க வைப்பர் ஆடுகிறது, ஓட்டுநர் பக்கம் மட்டும் அசையவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஃபியூஸ் போயிருந்தால் இரண்டுமே நின்றிருக்கும், அதனால் அதைத் தொடவில்லை. வைப்பர் கையின் அடியில் உள்ள நட்டு இறுக்கமாகவே இருந்தது. லிங்கேஜ் புஷ் (மோட்டாரையும் வைப்பரையும் இணைக்கும் கம்பியைப் பந்து முனையில் பிடித்து வைக்கும் சிறு உறை) கழன்றிருக்கும் என்றவர் சொன்னதுதான் சரி. கண்ணாடிக்குக் கீழேயுள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தால், மோட்டாரின் சுழற்சியை இருபக்க ஆட்டமாக மாற்றும் கம்பி பந்து முனையிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. புஷ் தேய்ந்து வாய் அகன்றிருந்தது.

எதிர்பாராதது ஒன்று: வைப்பர் கை பொருந்தும் அச்சான ஸ்பிண்டில் துருவேறி, கையால் திருப்பவே முடியவில்லை. வண்டி நிற்பது கடலூரில் கடலோரத் தேவனாம்பட்டினத்தில், உப்புக் காற்று சும்மா விடுமா? போதாததற்கு வேப்பஞ்சருகு வடிகால் துளையை அடைத்து, மூடிக்கடியில் தண்ணீர் வேறு தேங்கியிருந்தது. ஸ்பிண்டில் இறுகியதால்தான் புஷ் மீது பாரம் ஏறியது என்றார் மஞ்சக்குப்பம் மெக்கானிக். எனக்கும் அப்படித்தான் படுகிறது. துருவெடுத்து, கிரீஸ் வைத்து, புது புஷ் மாட்டினார். மோட்டாரை மாற்றச் சொன்னவர்கள் மன்னிக்கவும், அது நன்றாகவே இருக்கிறது.

அப்புறம், வைப்பர் கையைத் திரும்ப மாட்டும் முன் மோட்டாரை ஒருமுறை ஓடவிட்டு, அது தானாக நிற்கும் இடத்தில் வைத்தே நட்டை முடுக்குங்கள். இல்லாவிட்டால் வைப்பர் பக்கத் தூணில் போய் இடிக்கும்.